சிடிக்கு வைத்த பொட்டு

ருக்மணி அம்மா அந்த சிடியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். அதன் பளபளப்பான பக்கத்தில் மூன்று இடங்களில் சந்தனம் இருந்தது. ஒவ்வொரு சந்தனத்தின் மேலும் குங்குமம். நடு ஓட்டையில் கதம்பத் துணுக்கு ஒன்றைச் செருகியிருந்தார்.

"இந்தாம்மா, நேத்து பூஜைல வச்சது. மறுபூஜை முடிஞ்சிருச்சு. இனிமே எடுக்கலாம்."

நான் குனிந்து பார்த்தேன். "ஐயய்யோ, மெஷின் படிக்கிற பக்கத்துலயாம்மா வச்சீங்க?"

"முகத்துலதானே வைக்கணும்?" என்றார் அவர், நான்தான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்பது போல. "எழுத்து போட்டிருக்கிறது முதுகு. மினுமினுன்னு இருக்கிறதுதானே முகம்?"

அன்று விஜயதசமி. இடம் செல்லூரில் ஒரு குறுகலான சந்து. எந்த வருடம் என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் வாங்கினால் பெட்டியோடு ஒரு சிடி கொடுத்துக்கொண்டிருந்த காலம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

டிபன் பைக்குள் என்ன?

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் செல்வி. விளாங்குடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மதுரை முழுக்க மொபெட்டில் சுற்றி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவள். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் இருக்கும். போன வாரம் யுபிஎஸ் புகைந்த கதையில் அதைக் கொஞ்சம் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் நிறையப் பார்க்கப் போகிறீர்கள்.

அந்த நாட்களில் ஒரு கூத்து நடந்தது. ஹார்ட் டிஸ்க்குகள் புது மாதிரியாக வர ஆரம்பித்துவிட்டன. ஆனால் நாங்கள் மெஷினில் ஏற்றுகிற, அதை இயக்குகிற அடிப்படை சாஃப்ட்வேரான ஓ.எஸ். சிடி அதற்கெல்லாம் முன்பே வந்தது. அதற்கு இந்தப் புது டிஸ்க்கைத் தெரியாது. கண் முன்னால் டிஸ்க் இருக்கும், கரண்ட் போகும், சுற்றும். ஓ.எஸ். மட்டும் "ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை" என்று சாதித்துவிடும். அதற்கு டிஸ்க்கை அறிமுகம் செய்து வைக்கிற சின்ன சாஃப்ட்வேருக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

அந்த அறிமுகத்தையும் நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. ஓ.எஸ். ஏற ஆரம்பித்ததும் நீலத் திரையின் அடியில் ஒரே ஒரு வரி வரும். புது டிரைவர் இருந்தால் எஃப் ஆறு பட்டனை அமுக்கு என்று சொல்லும். ஐந்தாறு விநாடிதான். கண் சிமிட்டினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

சரி, அமுக்கியாச்சு. டிரைவரை எதில் கொடுக்க வேண்டும் தெரியுமா? ஃப்ளாப்பியில், அந்தப் பழைய சதுர பிளாஸ்டிக் தட்டில். சிடியில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாது. ஆனால் அதற்குள் புது மெஷின்களில் ஃப்ளாப்பியைப் படிக்கிற டிரைவையே எடுத்துவிட்டார்கள். இதைவிட அநியாயம் உண்டா?

அதனால் ஒரு பழைய ஃப்ளாப்பி டிரைவைக் கேபிளோடு டிபன் பையில் போட்டுக்கொண்டு அலைவேன். ஒருமுறை மொபெட் படுத்துவிட, டவுன் பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. கண்டக்டர் பையை வாங்கி இன்ஜின் மேல் வைத்தார். "சாப்பாடு சூடா இருக்கும்ல, தங்கச்சி" என்றார். நல்ல மனசு. உள்ளே இருந்த ஃப்ளாப்பி சூட்டில் அப்பளமாக வளைந்து போனது. அன்றிலிருந்து எந்த டிரைவராக இருந்தாலும் இரண்டு ஃப்ளாப்பியில் ஏற்றி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வாசலில் நூல் மூட்டை

கஸ்தூரி ருக்மணி அம்மாவின் இளைய மருமகள். சௌராஷ்டிரா குடும்பம். அவள் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தார். கஸ்தூரி டைப்பிங், டி.டி.பி. எல்லாம் கற்றுவிட்டு, வீட்டின் முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் போட ஆசைப்பட்டாள்.

அந்த அறை அதுவரை நூல் மூட்டைகள் அடுக்குகிற இடம். மூத்த மகன் ஜனார்த்தனன் பின்கட்டில் நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அறையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை. ருக்மணி அம்மாதான் மருமகள் பக்கம் நின்று மல்லுக்கட்டினார். கடைசியில் ஜனார்த்தனன் ஒரு நிபந்தனை போட்டார்.

"விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரம் முடியுறதுக்குள்ள மெஷின் ஓடணும். ஓடுச்சுன்னா ரூம் அவளுக்கு. ஓடலைன்னா அன்னைக்கே மூட்டையை இறக்கிருவேன். அப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

நல்ல நேரம் பதினொன்றரை வரைக்கும். மெஷினை விற்ற கடைக்காரர் ஆயுத பூஜை அவசரத்தில் பாகங்களை மாட்டி மட்டும் கொடுத்துவிட்டு, ஓ.எஸ். போடாமலே மூன்று நாள் லீவு விட்டுவிட்டார். கஸ்தூரி யார் யாரையோ கேட்டு என் நம்பரைப் பிடித்தாள்.

காலை ஒன்பது மணிக்கு நான் போய் இறங்கியபோது தெருவே அமைதியாக இருந்தது. செல்லூரில் தறிச் சத்தம் இல்லாத காலையை அன்றைக்குத்தான் கேட்டேன். எல்லாத் தறியும் பூஜையில் இருந்தன. வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. அதில் ஆறு நூல் மூட்டைகள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஜனார்த்தனன்.

"மெக்கானிக் வாராங்கன்னாங்க. நீதானா?" என்றார்.

"நாந்தான் அண்ணே. ஏன், மீசை இருந்தாத்தான் மெஷின் கேக்குமா?"

அவர் வண்டியில் இருந்த மூட்டைக் கயிற்றை இறுக்கினார். எனக்குக் காலையிலேயே கோபம் ஏறிவிட்டது.

துப்பட்டா

இந்த நிலையில்தான் சிடி பொட்டோடு வந்தது. எனக்கு வேண்டிய டிரைவர் அதற்குள்தான் இருந்தது. வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டு ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டால் பத்து நிமிட வேலை.

"சிடிக்கு யாராச்சும் சந்தனம் பூசுவாங்களா?" என்று முனகிக்கொண்டே வாங்கினேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. துப்பட்டா நுனியை எடுத்துப் பரபரவென்று வட்டமாகத் தேய்த்தேன். ருக்மணி அம்மா ஒரு கையை முன்னால் நீட்டினார். சாமியிடம் வைத்ததை இப்படித் தேய்க்கிறேனே என்று தடுக்க வருகிறார் என நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ. பூஜையை முடித்துத் திறந்திருந்தார்கள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டேன். அது சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. கர்ர்ரென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று வந்துவிட்டது. நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் அதே பாட்டு.

திரும்பி வந்தேன். ஜனார்த்தனன் வண்டிக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

"உங்க பொட்டாலதாம்மா எல்லாம் போச்சு!" என்று ருக்மணி அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "கம்ப்யூட்டர் படிச்ச மருமக வீட்ல இருக்கா. எங்க வைக்கலாம்னு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிருவீங்க? இம்புட்டு தூரம் வந்து நான் என்னத்தப் பண்ண?"

என் அம்மா வயதுள்ளவர். அவர் வீட்டு வாசலில், அவர் மகனுக்கு முன்னால், ஒரு வண்டிக்காரருக்கு முன்னால். இப்போது எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. கஸ்தூரியிடம் சௌராஷ்டிர பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். கஸ்தூரி ஏதோ மறுத்தாள். அவர் மறுபடியும் சொன்னார். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. 'சிடி' என்பது மட்டும் காதில் விழுந்தது. என்னைத்தான் திட்டுகிறார்கள், திட்டட்டும் என்று நின்றேன்.

பிறகு அவர் மகன் பக்கம் திரும்பித் தமிழிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "தப்பு என்னோடது. கேக்காம வச்சுட்டேன். கஸ்தூரியையும் இந்தப் புள்ளையையும் ஒண்ணும் சொல்லாத. பதினொன்றரைன்னு வாக்குக் குடுத்திருக்க. அது வரைக்கும் மூட்டை வண்டியிலேயே இருக்கட்டும்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

சிடி போனால் ஒரே வழிதான். மெஷினுக்குள் இருக்கும் மதர்போர்டைச் செய்த கம்பெனியின் வெப்சைட்டுக்குப் போய் டிரைவரை இறக்க வேண்டும். விஜயதசமி காலையில் எந்த பிரவுசிங் சென்டர் திறந்திருக்கும்?

யோசித்தேன். ஆயுத பூஜை இல்லாத வீட்டுக் கடை எது? சிம்மக்கல் பக்கம் சிக்கந்தர் அண்ணே கடை நினைவுக்கு வந்தது. போர்டின் நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு மொபெட்டை முறுக்கினேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. தரைப்பாலம் வழியாக விட்டேன். வழி முழுக்க உடைத்த பூசணிக்காய். ஓர் இடத்தில் சக்கரம் வழுக்கி, காலை ஊன்றித் தப்பித்தேன்.

கடை திறந்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை.

"வாம்மா செல்வி, நல்ல நாளும் அதுவுமா இங்க என்ன?" என்றார் சிக்கந்தர் அண்ணே.

"அண்ணே, உயிர் போற அவசரம். ஒரு மெஷின் குடுங்க."

"எதுல வேணா உக்காரு. ஊரே லீவு, லைன் காலியாக் கிடக்கு. இன்னைக்குத்தான் நெட்டு பறக்கும்."

பறந்தது என்று சொல்ல முடியாது. மற்ற நாளில் ஊர்ந்தது, அன்றைக்கு நடந்தது. வெப்சைட்டில் அதே போர்டுக்கு நாலைந்து டிரைவர் இருந்தன. கடைசியாக வந்த புதிதைத் தேர்ந்தெடுத்தேன். முக்கால்வாசி இறங்கியபோது இணைப்பு அறுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிக்கந்தர் அண்ணே ஒன்றும் கேட்காமல் மறுபடி டயல் செய்துவிட்டு, ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

இரண்டாம் முறை முழுதாக வந்தது. இரண்டு ஃப்ளாப்பியில் ஏற்றினேன். காசு கொடுக்கப் போனால், "போ போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விரட்டினார். டீ அப்படியே இருந்தது.

எஃப் ஆறு

செல்லூருக்குத் திரும்பியபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. தெருவில் முதல் தறி ஓட ஆரம்பித்திருந்தது. அப்புறம் இன்னொன்று. நல்ல நேரம் முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கிக்கொண்டிருந்தார்கள்.

மெஷினைத் திறந்து ஃப்ளாப்பி டிரைவை மாட்டினேன். டிரைவ் உட்கார இடமில்லை. கஸ்தூரி அதைக் கையிலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஓ.எஸ். சிடியைப் போட்டேன். நீலத் திரை வந்தது.

"இன்னும் பத்து நிமிஷம்தான்" என்றார் ஜனார்த்தனன் பின்னாலிருந்து. திரும்பி அவரை முறைத்த அந்த நொடியில் எஃப் ஆறு வந்து போய்விட்டது.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று கத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை அடி வரி வருவதற்கு முன்பிருந்தே எஃப் ஆறைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஃப்ளாப்பியைக் கேட்டது. போட்டேன். கிர்ர்ர். படிக்க முடியவில்லை என்றது. கஸ்தூரி டிரைவைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"இன்னொன்னு இருக்கு, நீ நேராப் பிடி" என்றேன். இரண்டாவது ஃப்ளாப்பியைச் செருகினேன். கிர்ர்... கிர்ர்... நின்றது. டிரைவரின் பெயர் திரையில் வந்தது. என்டரைத் தட்டினேன். அடுத்தது ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் இதுநாள் வரை இல்லாத ஹார்ட் டிஸ்க், அளவோடு, கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்திருந்தது.

ஃபார்மட் முடிந்து ஃபைல்கள் ஏறத் தொடங்கின. சதவீதம் ஒவ்வொன்றாகக் கூடியது. முழுதாக முடிய இன்னும் அரை மணிக்கு மேலாகும் என்று எனக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தெட்டு.

ஜனார்த்தனன் குனிந்து பார்த்தார். "இதுவா ஓடுறது? வெறும் நீலக் கலருல முப்பத்தாறு, முப்பத்தேழுன்னு எண்ணிக்கிட்டு இருக்கு. எங்க ஒரு எழுத்து அடிச்சுக் காட்டச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் ருக்மணி அம்மா முன்னால் வந்தார்.

"நீ தறியில பாவு நூலை ஏத்திட்டு, நல்ல நேரத்துல தொடங்கியாச்சுன்னு சூடம் காட்டுறியே. அன்னைக்கே சேலை முடிஞ்சிருதா?"

ஜனார்த்தனன் தலையைச் சொறிந்தார்.

"இவ இப்ப பாவு ஏத்திட்டா. சேலை சாயங்காலம் வரும். பாவு ஏத்துன தறிய ஓடலைன்னு சொல்லுவியா நீ? சொல்லு."

ஜனார்த்தனன் கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. பிறகு வாசலுக்குப் போய், "மூட்டையை மாடிக்கு ஏத்துப்பா" என்றார் வண்டிக்காரரிடம்.

கஸ்தூரி டிரைவைக் கையில் பிடித்தபடியே அழுதாள். ருக்மணி அம்மா எனக்குப் பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். காலையில் கத்தியதற்கு ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், தப்பு அவருடையதுதானே என்று இருந்தேன்.

ஜன்னல் வெளிச்சம்

அன்று சாயங்காலம் வீட்டில் பையைக் கொட்டியபோது அந்த சிடியும் விழுந்தது. குழாயில் காட்டினேன். மிச்சமிருந்த சந்தனம் தண்ணீர் பட்டதும் கரைந்து போனது. ஒரு துளி கறைகூட இல்லை. இவ்வளவுதானா என்று மேற்கு ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

வட்ட வட்டமாகக் கீறல்கள். குங்குமத்தில் இருந்த பொடி மணலை வைத்து என் கை அழுத்தித் தேய்த்த அதே வட்டங்கள். சந்தனம் பட்ட இடத்தில் மட்டுமல்ல, சுற்றிச் சுற்றி முழுக்க. சிடியைத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றித் துடைக்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். பொட்டால் போகவில்லை. என் கோபத்தால் போனது.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மெக்கானிக்கே சிடியைக் கெடுத்தாள் என்று ஜனார்த்தனன் சிரிப்பாரே என்ற பயம். வாரங்கள் போயின. அப்புறம் வருடங்கள் போயின. சொல்லாமல் விட்ட ஒன்றைப் பிறகு சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கஸ்தூரியின் சென்டர் நன்றாக ஓடியது. இரண்டாவது மெஷின் வந்தது, ஜெராக்ஸ் வந்தது. ஜனார்த்தனனே கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துக் கொடுக்க நான் போவேன்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். ருக்மணி அம்மா தட்டோடு வருவார். கதவுக்குப் பொட்டு, நாற்காலிக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்கு, ஸ்டேப்ளருக்கு, ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூடப் பொட்டு. கம்ப்யூட்டர் வந்தால் மட்டும் தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார். ஒவ்வொரு வருடமும். எனக்கு நெஞ்சில் யாரோ ஊசி குத்துவது போலிருக்கும்.

ஒரு வருடம் தாங்கவில்லை. ஃப்ளாப்பி என்றால் என்ன என்று கேட்கிற காலமாகிவிட்டது. அவருக்கும் நடை தளர்ந்திருந்தது. கம்ப்யூட்டரை அவர் தாண்டியபோது கூப்பிட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கு அந்த சிடி உங்க பொட்டால கெடலம்மா. நாந்தான் தேய்ச்சுக் கெடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் சொல்லல."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"அக்கா, அன்னைக்கு எங்க பாஷையில அத்தை என்ன சொன்னாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"என்னைத் திட்டுனாங்க."

"திட்டலக்கா. 'குங்குமம் விழுந்த பட்டுத்துணியை இப்படியா தேய்ப்பாங்க, இழை அறுந்துருமே, அதே மாதிரி சிடியும் போயிருமேன்னு தடுக்கப் போனேன், அதுக்குள்ள தேய்ச்சுருச்சு'ன்னாங்க. நான் உங்ககிட்டச் சொல்லிரலாம்னேன். 'சொல்லாத. பெரியவன் முன்னாடி அவளுக்கு அவமானமாப் போயிரும். ரோசக்காரி, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா உன் ரூம் போயிரும். தப்பு என்னோடதாவே இருக்கட்டும்'னாங்க."

நான் ஜன்னல் வெயிலில் கண்டுபிடித்ததை அவர் நான் தேய்க்கும்போதே பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுத்தான் நான் கத்தியதையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டார்.

"அப்ப ஏம்மா வருஷா வருஷம் கம்ப்யூட்டருக்கு மட்டும் வைக்காமப் போறீங்க?"

"நீ வந்து நிக்கிறியே" என்றார் அவர். "பொட்டைப் பாத்தா உனக்கு அன்னைக்கு நடந்தது ஞாபகம் வரும்ல. எதுக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இல்லை. அவர் தட்டை என் கையில் கொடுத்தார். "இப்பத்தான் சொல்லிட்டியே. எங்க வச்சா கெடாதோ, அங்க நீயே வையி."

சந்தனத்தைத் தொட்டு மானிட்டரின் மேல் விளிம்பில் வைக்கப் போனேன். ஒரு சொட்டு நழுவித் திரையின் நடுவில் விழுந்தது. பதறிப்போய்த் துப்பட்டா நுனியை எடுத்தேன்.

ருக்மணி அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தேய்க்காதம்மா. காயட்டும். தானா உதிரும்."